கதவு பூட்டுவதில்லை

‘இலவசம்’ என்று எழுதினால் குப்பைக்குப் போகும். ‘சலுகை’, ‘முந்துங்கள்’ எல்லாவற்றையும் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும், மின்னஞ்சல்களைச் சலிக்கிற இயந்திரம். மெத்தைக் கம்பெனியில் விளம்பர மின்னஞ்சலுக்குத் தலைப்பு எழுதுவது அவள் வேலை; எல்லோருக்கும் அவள் தலைப்பக்கா. மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வீட்டுப் பேச்சாக ஒன்று எழுதினாள்: “வீட்டுக்கு எப்ப வரட்டும்?” எந்தச் சல்லடையிலும் அது சிக்கவில்லை.

ஒரே ஒருவர் பதில் போட்டிருந்தார். “சின்னவளா? எப்ப வேணா வாடி. கதவ பூட்டறதில்ல. அப்பா.”

மேலாளர் அதை உரக்கப் படித்தார். “தலைப்பக்கா, ஓசியில உங்களுக்கு ஒரு அப்பா!” அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

யாரும் பார்க்காதபோது எழுதினாள்: “ஐயா, நான் உங்க பொண்ணு இல்ல. மெத்தைக் கம்பெனில வேலை. மன்னிச்சிடுங்க. அவங்க வரணும்னு கடவுளை வேண்டிக்கிறேன்.” ஒரு நல்ல சொல்லால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்புகிறவள். பதில் வரவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் துள்ளிக்கொண்டு வந்தார்.

“அக்கா, என்ன மாயம் பண்ணீங்க? அந்தப் பெரியவருக்கு எதை அனுப்பினாலும் உள்ள போகுது. எல்லாத்தையும் தொறக்கிறாரு! நீங்க அவருக்குப் பதில் போட்டிருக்கறத கம்பெனிக் கணக்குல பாத்தேன், அதுலேருந்து அவரு மெஷின் நம்மள சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்கிச்சு. இனிமே எல்லாரையும் பதில் போட வைக்கணும்.”

“அவர மட்டும் எடுத்துடலாமே சார். பாவம்.”

“தொறக்கிற ஆளையா? அவரு தங்கம்க்கா!” குனிந்து, அவளுடைய கணினியில் அவரே புதுத் தலைப்பைத் தட்டினார்: “அப்பா, நான்தான்.”

“இது வேணாம் சார்.”

“உள்ள மெத்தைன்னு தெளிவாத்தானே போட்டிருக்கு? டீ குடிச்சிட்டு வரேன், அனுப்பி வைங்க. மனசு வரலைன்னா சொல்லிடுங்க, இந்த சீட்டுக்கு வேற அக்கா கிடைப்பாங்க.”

அவள் பெரியவரின் முகவரியைத் தேடினாள். வந்த கடிதங்களில் அந்தப் பழைய பதில் மட்டும்தான்; குப்பையில் இன்னொன்று இருந்தது. லாட்டரிப் பரிசுக்கும் தொப்பை மருந்துக்கும் நடுவே, ஒரு வாரமாக, பிரிக்கப்படாமல். “சாப்பிட்டியாம்மா?” என்பது தலைப்பு. இப்படி உறவாடி வரும் விளம்பரங்களை நிறையப் பார்த்துவிட்ட இயந்திரம், அதையும் தூக்கி எறிந்திருந்தது.

“நீ என் பொண்ணு இல்லைன்னு தெரிஞ்சுது. பரவால்லம்மா. எனக்காக வேண்டிக்க ஒரு பிள்ளை இருக்கே. இனி உங்க கம்பெனிலேருந்து எது வந்தாலும், நீதான் எழுதினியோன்னு தொறந்து பாப்பேன்.”

திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. “அப்பா, நான்தான்” என்பதன் முடிவில் சிறு கோடு ஒன்று மின்னி மின்னி அணைந்தது. மாடிப்படியில், யாருடைய சிரிப்புக்கோ பதில் சொல்லிக்கொண்டே மேலாளரின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.