எண்பது கன்றுகளுக்கு எண்பது பேணி

சுபாஜினி மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வாய்க்கால்தான். அது காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவள் விரைந்து பாத்திகளை நோக்கி நடந்தாள்.

சுன்னாகத்துக்கு அருகே இருந்த அந்தத் தோட்டத்தில் குணலட்சுமியின் கத்தரிக் கன்றுகள் இரண்டு போகமாக வாடல் நோயில் செத்திருந்தன. மண்ணில் இருக்கும் பக்டீரியா வேர்வழியே ஏறும். பச்சையாய் நின்ற கன்று சில நாளில் தலை சாய்ந்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் சுபாஜினி இம்முறை இரண்டு பாத்திகளைக் கேட்டு வாங்கியிருந்தாள். மேற்குப் பாத்திக்கு நனோ துத்தநாகப் பசளை, அதாவது மிக நுண்ணிய துகளாக்கிய உரம்; கிழக்குப் பாத்திக்கு வழக்கமான பசளை. மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். தண்ணீர் ஒன்றுக்குக் கூடி மற்றதற்குக் குறைந்திருந்தால் ஆறு வாரப் பாடும் வீண். இன்னொரு போகம் பார்க்க அவளுக்கு அவகாசம் இல்லை.

வேலிக்கு அப்பால் தன் தக்காளிக்குள் நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் தம்பிராசா குரல் கொடுத்தார்.

"நனோ எண்டு முந்தியும் அரசாங்கம் ஒரு பசளை தந்தது, பிள்ளை, ஒண்டுக்கும் உதவேல்லை. இப்ப உவ குணலட்சுமி வாய்க்காலையும் அடைச்சுப்போட்டு வாளியோடை திரியிறா. விசர் பிடிச்சிட்டுது!"

குணலட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள். சுபாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏனக்கா வாய்க்காலை அடைச்சனீங்கள்?"

"கிழக்குப் பாத்தியிலை கண்டுகள் சாயத் தொடங்கினது. அந்தத் தண்ணிதானே அண்ணையின்ரை தக்காளிக்குப் போறது, நோயும் அதோடை போகுமல்லோ? அவருக்கு வேலிக்கரையாலை வேறை வாய்க்கால் வெட்டிவிட்டன்."

"அப்ப கிழக்குப் பாத்திக்கு மட்டும் வாளித் தண்ணியோ?" சுபாஜினி கேட்டாள்.

"மேற்குக்கும் அதேதான். ஒண்டாய் இருக்கவேணும் எண்டு நீர் சொன்னனீரல்லோ? ஒரு கண்டுக்கு இந்தத் தகரப் பேணியாலை ஒரு பேணி தண்ணி. பிள்ளையார் சாட்சியாய் ஒரு நாளும் கூட்டிக் குறைக்கேல்லை."

எண்பது கன்றுகள். ஒன்றுவிட்டொரு நாள், எண்பது முறை குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். சாகிற பாத்திக்கும் பிழைக்கிற பாத்திக்கும் ஒரே அளவு. அந்த நேர்மையின் முன்னால் சுபாஜினிக்குத் தன் படிப்பு சின்னதாய்த் தெரிந்தது. சத்தமில்லாமல் செய்யும் இப்படியான காரியங்களில்தான் கடவுளும் குடியிருப்பார் போலும்.

அவள் பாத்திகளுக்குள் இறங்கி எண்ணினாள். கிழக்கில் நாற்பதில் இருபத்தைந்து வாடியிருந்தன. மேற்கில் ஐந்து. மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் அதே கணக்கு.

"அக்கா, ஆய்வு வீண்போகேல்லை!"

தம்பிராசா வேலியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தன் தக்காளியை ஒருமுறை பார்த்தார். பிறகு வேலியை விலக்கி இந்தப் பக்கம் வந்து வாளியைத் தூக்கினார்.

"இண்டைக்கு நான் ஊத்திறன், தங்கச்சி."

"ஊத்துங்கோ அண்ணை. ஆனால் இந்த மண் காலோடை உங்கடை தக்காளிக்குள்ளை மட்டும் போயிடாதேங்கோ. ஊத்தி முடிய நல்லாய்க் கழுவிப்போட்டுத்தான் போகவேணும்."

"ஓமடி, விசரி" என்றார் தம்பிராசா. குனிந்து முதல் கன்றுக்கு ஒரு பேணி ஊற்றினார்.