விழாத ரேகை

விடிவதற்கு முன்பே மாயக்காள் சேற்றில் இறங்கிவிடுவாள். ராத்திரி ஊறிய செம்மண்ணைக் குதிகாலால் மிதித்து, உமி தூவி, மறுபடி மிதித்து, கட்டியாக அள்ளி அச்சில் அறைய வேண்டும். மார்கழிப் பனியில் அந்தச் சேறு எலும்பு வரை குத்தும். குத்துகிறதே என்று நிற்க முடியுமா? வெயில் ஏறி வெடித்த கல்லுக்குக் கூலி கிடையாது. செக்கானூரணிக்கு மேற்கே அசோக்குமாரின் செங்கல் சூளையில் அதுதான் சட்டம்.

அந்த ஊருக்கும் பேங்க் வந்தது. மைக் கட்டிச் சொன்னார்கள். இனிக் கூலி அக்கவுண்டில் ஏறும், டவுனுக்கு அலைய வேண்டாம், விரலை வைத்தால் பணம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த மிஷினை வைத்துக்கொள்ளும் ஏஜென்சி யாருக்குப் போனது தெரியுமா? அசோக்குமாரின் மச்சினன் சூரியபிரகாஷுக்கு. மிஷின் வந்து உட்கார்ந்த இடம் சூளை ஆபீஸ் மேசை. அக்கவுண்டுக்குக் கொடுத்த போன் நம்பரும் அவனுடையதுதான்.

முதலில் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு சூரியபிரகாஷ் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தான். மண்ணில் தேய்ந்து ரேகை அழிந்துவிட்டது, மிஷினில் விழவில்லை, நாளைக்கு வா என்பான். பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். காய்ப்புக் காய்த்து, வெடித்துக் கிடந்த கைகள். அவற்றைக் குற்றம் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஒருத்தி விளக்கெண்ணெய் தடவினாள். ஒருத்தி வடிகஞ்சியில் விரலை ஊறப்போட்டாள். ரேகை வளரட்டும் என்று விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கூலியை விட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களும் உண்டு. பாவம், அப்படியும் விழவில்லை.

சூளை பிரிக்கும்போது வெந்த கல் அடுக்கு சரிந்து மாயக்காள் புருஷன் சோணையின் காலை நசுக்கியது அந்தச் சமயத்தில்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகும் என்று, தனக்குப் பழக்கமான ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அசோக்குமார் அவனைச் சேர்த்தான். முதல் நாள் செலவைக் கட்டிவிட்டுக் கழன்றுகொண்டான். காலுக்குள் கம்பி வைக்க வேண்டும், பணத்தைக் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள் அங்கே.

மாயக்காள் ஓடிவந்து விரலை வைத்தாள். விழவில்லை. பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"தம்பி, இன்னொருக்கா பாருங்க தம்பி."

"விழலக்கா. நான் என்ன செய்ய?"

முதலாளியிடம் கடனாகக் கேட்டாள்.

"அக்கவுண்டுல பணம் கெடக்குறவளுக்கு எதுக்குடி கடன்?" என்றான் அசோக்குமார்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சோணையின் கால் கறுத்துவிட்டது. தாலியை விற்றுப் பணம் கட்டினாள். கம்பி வைக்க அல்ல, முட்டிக்கு மேலே வெட்டி எடுக்க. தன் கைதான் புருஷன் காலைத் தின்றது என்று அந்தக் கையைச் சுவரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரேகை இல்லாதவளுக்கு வேறு வழி உண்டா என்று கேட்கத்தான் டவுனில் தல்லாகுளத்து பேங்க் கிளைக்குப் போனாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கவுண்டரில் இருந்த சத்யப்ரியா, எதற்கும் விரலை வையுங்கள் என்றாள். மாயக்காள் கூச்சத்தோடு வைத்தாள். வைத்த மாத்திரத்தில் மிஷின் ஏற்றுக்கொண்டது.

சத்யப்ரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "உங்க ரேகை நல்லாத்தாம்மா விழுது. அங்கயும் விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பணம் எடுத்திருக்காங்க. இப்ப அக்கவுண்டுல ஒண்ணும் இல்ல."

மாயக்காளுக்கு அழுகை வரவில்லை. வைத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புகார் எழுதித் தருகிறேன், கைநாட்டு வையுங்கள் என்றாள் சத்யப்ரியா.

"நாளைக்கு வாரேன் தாயி. தனியா வரமாட்டேன்."

மறுநாள் விடிகாலை சூளையில் எல்லாவற்றையும் சொன்னாள். கூட வேலை செய்யும் முருகம்மாள் நம்பவில்லை. தன் பெருவிரலைக் காட்டி, இது தேய்ந்து மொழுமொழுவென்று கிடக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்றாள். மாயக்காள் அந்த விரலைப் பிடித்து, அப்போதுதான் அறுத்த பச்சைக் கல்லில் அழுத்தி எடுத்தாள். வெளுத்து வந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்கள். சுழி சுழியாக, ஒரு கோடு பிசகாமல் விழுந்திருந்தது. முருகம்மாள் அடுத்த விரலையும் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியும் ஒரு கல்லில் கை வைத்தாள்.

அசோக்குமார் வந்து பார்த்தான்.

"எவடி கல்லு மேல கைய வச்சது?"

"ரேகை விழலன்னு சொன்னாக மொதலாளி. விழுதான்னு பாத்தோம்," என்றாள் மாயக்காள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது. மிஷின் கோளாறாக இருக்கும் என்றான். மச்சினனைக் கண்டிப்பதாகச் சொன்னான். அவளை மட்டும் தள்ளிக் கூப்பிட்டான்.

"சோணைக்குச் செயற்கைக் கால் வாங்கித் தாரேன். ஒன் பணமும் வந்துரும். கம்முனு வேலையப் பாரு."

அவளுக்கு நெஞ்சு ஆடியது, பொய் சொல்வானேன். கட்டிலில் கிடக்கும் சோணை எழுந்து நிற்பதை ஒரு கணம் பார்த்தும்விட்டாள்.

"மத்தவுக பணம்?"

"அவளுக கத ஒனக்கெதுக்கு?"

"என் புருசன் கால இம்புட்டுப் பேரு கூலியத் தின்னுட்டு நிக்க வைக்கச் சொல்றீகளா?"

அவன் கத்தினான். புகார் என்று வெளியே போகிறவள் வாங்கிய முன்பணத்தை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், சாயங்காலத்துக்குள் சூளைக் குடிசை காலியாக வேண்டும், சுற்றுவட்டாரத்தில் எந்தச் சூளையும் சேர்க்காது என்றான். சொன்னதைச் செய்யக்கூடியவன்தான். அது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளை நினைத்து ஒருத்தி விசும்பினாள். முருகம்மாள் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனாள்.

"கையக் கழுவிட்டு வாரேன் மாயக்கா. பஸ் நிறுத்தத்துக்கு நட."

ஒவ்வொருத்தியாகக் கையைக் கழுவினார்கள். விசும்பியவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுவினாள். அச்சுகள் சேற்றிலேயே கிடந்தன.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. எங்கே போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார்.

"தல்லாகுளத்துக்கு. அம்புட்டுப் பேரும்," என்றாள் மாயக்காள். மேலே கம்பியைப் பிடித்திருந்தாள். எல்லோரும் பார்க்கும்படி இருந்த அந்தக் கையை அவள் இறக்கவில்லை.