ஒன்பதாவது பழுது

புளியங்கூடலில் மீனாம்பிகையின் வீட்டு நடு அறைக்குள் பதினொரு வருடங்களாக நோர்வே நாட்டு மழை பெய்துவருகிறது. வெளியே வெயில் கொளுத்தி ஆடுமாடெல்லாம் நிழல் தேடுகிற ஆவணியிலும் ஓட்டுக் கூரையிலிருந்து ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக விழும். சாதாரண நாளில் இரண்டு குடம் நிரம்பும், ஐப்பசியில் ஐந்து குடம்கூடக் கண்டிருக்கிறார்கள். முதல் நாள் மீனாம்பிகை கிடாரத்தை வைத்துப் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இனித்தது. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த ஊர், நல்ல தண்ணீர் கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. நாலாம் மாதம், தைப்பொங்கலுக்கு முதல் நாள், மழைக்குப் பதிலாக வெண்பனி விழுந்தது. அதே நாள், பேர்கன் நகரத்தில் இருக்கிற அவருடைய தம்பி பாலசிங்கம் வாசலில் பனி அள்ளுகிற படம் முகநூலில் வந்தது. பிறகு பாலசிங்கம் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன கிழமை ஓட்டை வழியாக வெயில் மட்டும் இறங்கியது. லண்டனுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போன மூன்று நாளும் தூறல். ஆக, அதை நோர்வே மழை என்பதும் முழுச்சரியில்லை. பாலசிங்கம் எங்கே நிற்கிறாரோ, அங்கே அவர் தலைக்கு மேலிருக்கிற வானம் அது. ஊருக்குத் தண்ணீர் விற்கிற பவுசர் வண்டி ஓட்டுகிற வின்சன்ற் அந்த ஒழுங்கைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்த விஷயம் உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியாது, அது பாலசிங்கம். ஊரெல்லாம் அவருக்குச் சொந்தம். ஒவ்வொரு சொந்தமும் மற்றச் சொந்தம் சொல்லியிருக்கும் என்று இருந்துவிட்டது. அக்கா சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அக்காவும் தம்பியும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. காரணமும் ஒழுகுகிற அந்த ஓடுதான். பாலசிங்கம் லீவில் வந்து நின்ற நேரம் பனங்காய் ஒன்று விழுந்து ஓட்டின் மூலையை உடைத்தது. "நாளைக்கு மாத்துறன் அக்கா" என்று ஒரு மாதம் சொன்னார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் விருந்து சாப்பிட்டார், கடைசியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வானில் ஏறிவிட்டார். வாசல் படலையடியில் நின்று மீனாம்பிகை, "அந்த ஓடு மாத்தாமல் என்னோட கதைக்காதை" என்றார். வேறு வீடென்றால் அடுத்த கிழமையே ரெலிபோன் அடித்துச் சிரித்திருப்பார்கள். இவர்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ரோசமும் ஒன்றுதான். அவர் சொக்கிலேற் அனுப்பினார், கம்பளி அனுப்பினார். ஓடும் அனுப்பவில்லை, வாயும் திறக்கவில்லை. அக்காவோ, மழை தொடங்கிய பிறகு அந்த ஓட்டுக்குக் கிட்ட ஒருவரையும் விடவில்லை.

இந்த வருடம் பாலசிங்கத்தின் மகள் கம்சிகாவுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசி முற்றாகியது, தையில் நாள். கூடப்பிறந்த அக்காவுக்கு அழைப்பிதழ் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது, வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்வதற்கு ஓடு மாற வேண்டும். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவசரப்பட்ட மனிதர், மண்டைதீவுத் துஷாந்தினிக்கு வட்ஸ்அப்பில் எழுதினார். கூரை முழுக்கப் பார்த்துப் பழுதெல்லாவற்றையும் திருத்தவும், முக்கியமாக நடு அறை ஓட்டை மாற்றிப் படம் அனுப்பவும்.

துஷாந்தினியின் தொழில் ஓடு பார்ப்பது. வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன வீடுகளை மாரிக்கு முன்னால் ஏறிப் பார்த்து, திருத்தி, படம் அனுப்புவார். அவருடைய புருஷன் அலைக்குப் பயப்படாத மீனவர், கதிரைக்கு மேல் ஏறினால் தலை சுற்றும். இவருக்கோ முகட்டில் நடப்பதென்றால் கோயில் வீதியில் நடப்பது மாதிரி. பழுதென்று கொப்பியில் எழுதியதைத் திருத்தாமல் ஏணியால் இறங்கியதில்லை என்பது தீவெல்லாம் தெரிந்த பெருமை. ஏறுவதற்கு முன் உள்ளேதான் தொடங்குவார். நல்ல வெயிலேறியதும் கதவு யன்னலெல்லாம் சாத்தி, இருட்டுக்குள் அண்ணாந்து நிற்பார். ஓடு எங்கே வெடித்திருக்கிறதோ, எங்கே சரிந்திருக்கிறதோ, அங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். மீனாம்பிகை வீட்டில் அப்படி ஒன்பது புள்ளி. எட்டு வெள்ளை. ஒன்பதாவது சாம்பல் நிறம்.

வெளியே போய்ப் பார்த்தார். மேகத்தின் பொட்டுக்கூட இல்லை. திரும்பி வந்து பார்த்தார், சாம்பல்தான். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடவும் அவர் புதிய ஆளில்லை. தண்ணீர் கள்ளப்பூனை மாதிரி, ஓரிடத்தால் நுழைந்து ஓடு தாங்கும் சலாகை வழியே நடந்து இன்னோரிடத்தில் விழும். ஈரம் போன வழியைச் சோக்கால் கோடிழுத்துக்கொண்டே மேலே போனார். முகட்டிலிருந்து மூன்றாம் வரிசையில், மூலை போன ஓடு. பெருவிரல் நுழைகிற ஓட்டை. கீழே ஏணியில் நின்று விரலை விட்டார், குளிர் எலும்புவரை ஏறியது. பிறகு மேலே போய் அதே ஓட்டைக்குள் பார்த்தார், இருட்டான அறையும் கிடாரத்தின் விளிம்பும்தான் தெரிந்தன. முகட்டில் இருந்துகொண்டே கைகொட்டிச் சிரித்தார். ஆயிரம் கூரை பார்த்தவருக்கு ஆயிரத்தோராவது கூரை தந்த சந்தோஷம் அது.

மீனாம்பிகை கீழே நின்று, "மற்ற எட்டையும் மாத்தும் பிள்ளை. அதைத் தொடாதையும்" என்றார்.

"அதை மாத்தத்தானே அன்ரி, உங்கட தம்பி என்னை விட்டவர். மாத்தாட்டி உங்களைக் கலியாணத்துக்குக் கேக்க அவருக்கு ஏலாது."

"கலியாணம் ஒரு நாள். இது எனக்கு ஒவ்வொரு நாளும். தண்ணி விழுந்தா, அவன் அங்க நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். நீர் அடைச்சுப்போட்டுப் போனா நான் ஆரைக் கேக்கிறது?"

துஷாந்தினி அன்று பின்னேரமே பாலசிங்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, கிடாரம் நிரம்புகிற வீடியோவும் அனுப்பினார். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. இரண்டு நாளில் மற்ற எட்டையும் முடித்தார்: வெடித்த ஓடு நாலு, சரிந்தது இரண்டு, உக்கின சலாகையால் வந்தது ஒன்று, முகட்டுச் சாந்து பிளந்தது ஒன்று. மூன்றாம் நாள் காலை புது ஓட்டோடு ஏறி ஒன்பதாவதற்குப் பக்கத்தில் இருந்தார். வாக்கு ஒரு பக்கம் இழுத்தது, கீழே அண்ணாந்து நின்ற மனுசியின் முகம் மறு பக்கம் இழுத்தது. அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது.

"பிள்ளை, மழை நிண்டுபோச்சு! விசில் அடிக்குது!"

துஷாந்தினி பாய்ந்து இறங்கி வந்து பார்த்தார். ஓட்டைக்குள் கருநீலம். ஈரமில்லாத மெல்லிய காற்று ஊதிக்கொண்டிருந்தது, கிடாரத்தின் விளிம்பில் பனி படிந்தது. மீனாம்பிகை பதினொரு வருடம் அந்த வானத்தைப் படித்தவர், ஸ்பெயின் போன நாளில் இதைக் கண்டவர். "பிளேனுக்க இருக்கிறான்" என்றார். எங்கே போகிறான் என்பதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை முழுவதும் நடு அறைக்குள் நின்றது. நடுச்சாமத்தில் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெதுவெதுப்பான மழை, தென்னம்பூ ஒன்றும் சேர்ந்து விழுந்தது. "கட்டுநாயக்கா!" என்று சனம் கத்தியது. அன்றைக்கு ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. விடிந்து பார்த்தபோது செம்மண் தூசி கொட்டிக்கொண்டிருந்தது, வவுனியா தாண்டியாயிற்று. ஒன்பது மணிக்கு உப்புக் காற்று, ஆனையிறவு. பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கேயோ முக்கால் மணித்தியாலம் ஒரே வெயில் அசையாமல் நின்றது. "கடையொண்டுக்க நிக்கிறான்" என்றார் மீனாம்பிகை. பிறகு பண்ணைப் பாலத்துக் கடலின் சாதாழை மணம் அறையெல்லாம் நிறைந்தது. துஷாந்தினி துள்ளிக்குதித்து, "எங்கட மண்டைதீவுச் சந்தி, இது எங்கட சந்தி!" என்றார். வேலணையில் காகம் கரைந்தது. கடைசியாக ஒரு பருந்து ஓட்டைக்கு மேலால் போனது, அதன் நிழல் அதே கணத்தில் முற்றத்தில் விழுந்தது. படலையில் வான் ஹோர்ன் அடித்தது.

பாலசிங்கம் இறங்கினார். அறுபத்தொரு வயது, வழுக்கை, கையில் ஒரு புது ஓடு. அக்காவைப் பார்த்தார், பேசவில்லை. அக்கா போட்ட விதி விதிதானே. ஓட்டைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நேரே ஏணியில் ஏறினார். துஷாந்தினி முன்னால் ஏறி, எந்த ஓட்டில் கால் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பாலசிங்கம் மூன்றாம் வரிசைக்கு வந்து, மூலை போன ஓட்டுக்கு முன்னால் குந்தி, ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். கீழேயிருந்து மீனாம்பிகைக்கு ஒரு கண்ணும் நரைத்த மீசையில் பாதியும் தெரிந்தன. பதினொரு வருடம் அந்த ஓட்டைக்குள் மேகம் பார்த்தவர்.

"டேய் பாலன், வெயிலுக்க நிக்காமல் இறங்கு" என்றார்.

"ஓடு இன்னும் மாத்தேல்லை அக்கா."

"மாத்தாதை. நீ திரும்பிப் போனாப் பிறகு நான் எதைக் குடிக்கிறது?"

பிறகு கண் மறைந்து வாய் வந்தது. "கம்சிகாவுக்குத் தையில கலியாணம். நீங்கள் வரவேணும்" என்று பாலசிங்கம் அந்த ஓட்டைக்குள்ளால் சொன்னார். சொல்லும்போதே கண்ணிலிருந்து நாலு சொட்டு விழுந்தது, மீனாம்பிகை குனிந்து கிடாரத்தைச் சரியாக நகர்த்தி வைத்தார். அந்தத் தண்ணீர் மட்டும் உவர் என்று பிறகு சொன்னார்.

பாலசிங்கம் ஊரில் நின்ற இருபத்தாறு நாளும் ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருந்தது, வீட்டு வானமும் அவருடைய வானமும் ஒன்றுதானே. வின்சன்ற் பவுசரோடு திரும்பி வந்தார், கொஞ்சம் பெருமையோடும் வந்தார். துஷாந்தினி கூரைக் கொப்பியில் ஒன்பதாவது வரியில், "பார்த்தேன். நல்ல நிலையில் இருக்கிறது" என்று எழுதி ஏணியால் இறங்கினார். பாலசிங்கம் வாங்கிவந்த புது ஓடு குசினிக் கதவு அடிபடாமல் முண்டாக நிற்கிறது. தையில் கலியாணத்துக்கு வந்து போனபோதும் அப்படியே. இப்போது பேர்கனில் மழை நிற்கிற நாளில் அவர் வேலைக்குப் போக முன்னம் அக்காவுக்கு ரெலிபோன் அடிக்கிறார்.

"அக்கா, இண்டைக்கு இஞ்ச நல்ல வெயில். குடத்தில தண்ணி இருக்கோ?"