கடைசிப் பெயர்

இணைப் பேராசிரியர் பதவிக்குக் கல்லூரி ஹெச்-இன்டெக்ஸ் எட்டு கேட்டது. அதாவது எட்டுக் கட்டுரைகளாவது இருக்க வேண்டும்; ஒவ்வொன்றையும் மற்ற ஆய்வாளர்கள் எட்டு முறையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். ராஜராஜேஸ்வரிக்கு மூன்று என்றது ஆய்வுத் தரவுத்தளம். போன முறையும் அதே மூன்றுதான். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் மேலே போய்விட்டார்.

அவள் எழுதாமல் இல்லை. தூங்கவிடாமல் வைத்த எலிகளின் மூளையில் நினைவு எப்படிக் குலைகிறது என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டுதான் இருந்தாள். எழுதியவள்தான் ஒருத்தியாக இல்லை.

முதல் கட்டுரையை அனுப்பியபோது இணையதளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. இரண்டையும் நிரப்பாமல் விடாது. அவளுக்கு இருந்தது ஒரே பெயர். ஆய்வகத்தில் எல்லாரும் செய்வதுபோல இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டாள். அச்சில் வந்தபோது அவள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, ஆர். சிவசைலம் ஆகியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணவர் பெயரை எழுதினாள், ஆர். சங்கர் பிறந்தார். இன்னொரு இதழ் பெயரை நடுவில் வெட்டி ராஜேஸ்வரியை மட்டும் வைத்துக்கொண்டது. இப்போது தரவுத்தளத்தில் அவள் மூன்று பேர். கல்லூரிக்குத் தெரிந்தது சங்கர் மட்டும். உலகத்துக்குத் தெரிந்தது சிவசைலம்.

மூவரையும் ஒன்றாக்கச் சொல்லி மெயில் அனுப்பினாள். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அது என் அப்பா பெயர் என்று விளக்கினாள். பதில் மரியாதையாக வந்தது: அப்படியானால் டாக்டர் சிவசைலம் தன் கட்டுரைகளை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.

அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை. கல்லூரி விட்டதும் வண்ணார்பேட்டையில் இறங்கி அப்பா வீட்டுக்குப் போனாள். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற சிவசைலம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னளா எழுதணும்?"

"இந்தக் கட்டுரையெல்லாம் நான் எழுதலன்னு ஒரு மெயில் போடணும்ப்பா."

"நான் எழுதினேம்னு எவன் சொன்னான்?"

"அவங்கதான் சொல்லுதாங்க."

"எலிக்கு மூளை இருக்குங்கதே நீ சொல்லித்தாம்ளா எனக்குத் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைய விரலால் நகர்த்தினார்.

"இது என்ன நானூத்திச் சொச்சம்?"

"அத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க."

"என்னையா?"

"உங்க பேர."

"எங்கெங்க உள்ளவன்லாம்?"

"ஜப்பான், பிரேசில். எல்லா எடத்துலயும்."

அவர் கொஞ்ச நேரம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஆபீஸ்ல அத்தன வருசம் எழுதினேன். எல்லாத்துக்கும் கீழ அதிகாரி கையெழுத்து. எம் பேர ஒருத்தனும் எங்கனயும் போடல," என்றார். பிறகு, "சரி, சொல்லு. எழுதுவோம்," என்றார்.

அவள் சொன்னதை அவர் எழுதவில்லை. மேற்படி ஆய்வுகளுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இனி எக்காலத்திலும் உரிமை கோரமாட்டேன் என்று, நிலத்தை எழுதிக்கொடுப்பதுபோலத் தன் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் மதியம் பதில் வந்தது. ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் கிறிஸ்டியின் கணினியில் இருவருமாகத் திறந்தார்கள். மூவரும் ஒருவராகியிருந்தார்கள். ஹெச்-இன்டெக்ஸ் ஒன்பது. மேலே பெரிய எழுத்தில் ஆர். சிவசைலம்.

"அப்பா வேண்டாம்னுதான எழுதிக் கொடுத்தாங்க?" என்றாள் கிறிஸ்டி.

அதிகக் கட்டுரைகள் எந்தப் பெயரில் இருக்கின்றனவோ அதையே வைத்திருக்கிறோம், மாற்ற விரும்பினால் மறுபடி பரிசீலிப்போம், அது முடியும்வரை பக்கம் மறைக்கப்பட்டிருக்கும் என்றது மெயில். மாற்றினால் இந்த முறையும் போச்சு. ராஜராஜேஸ்வரி சுட்டியின் மேல் கையை வைத்தாள். எடுத்தாள்.

"மேடம், கமிட்டி நம்பரத்தான் பாப்பாவ. பேர யாரு பாக்கா?"

"நான் பாக்கேன்லா."

வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பிரிண்ட் போடுங்க," என்றாள் ராஜராஜேஸ்வரி.

தாள் சூடாக வந்தது. இப்படிப் பெயர் மாறியிருந்தால் அடியில் உறுதிமொழி எழுத வேண்டும் என்றாள் கிறிஸ்டி. மேலே உள்ள ஆர். சிவசைலம் என்பவர் நானே என்று எழுதி, ராஜராஜேஸ்வரி என்று கையெழுத்திட்டாள்.

கிறிஸ்டி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இனிஷியல் இல்லாமச் செல்லாது மேடம்."

பெயருக்கு முன்னால் இருந்த இடுக்கில் எஸ் என்று நெருக்கி எழுதினாள்.

"இது அப்பா இனிஷியலா, சார் இனிஷியலா? பதிவேட்டுல ஏத்தணும்."

"ரெண்டும் எஸ்தான்."

"அதான் கேக்கேன். எந்த எஸ்?"

"உங்களுக்கு எது சுளுவோ அதப் போட்டுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு, எலிகளுக்குத் தண்ணீர் வைக்க ஆய்வகத்துக்குப் போனாள்.