என்னாத்துக்கு?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வெங்கடப்பன் பெரிய ஆள். பாகம் ஏதாவது பழுதாக வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "ஏன், ஏன்" என்று ஐந்து முறை கேட்டு மூலக் காரணத்தைப் பிடித்துவிடுவார். அதற்கென்று இருக்கும் படிவத்தில் எவனாவது "ஆப்பரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதினால் தொலைந்தான். சிவப்புப் பேனாவால் குறுக்கே 'ரிஜெக்ட்' என்று கிறுக்கி, "ஆள் மேல பழி போடறதுக்குப் பேரு அனாலிசிஸா?" என்று திருப்பி வீசுவார்.

அந்தப் புத்தி மட்டும் செருப்போடு வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். மனைவி ருக்மணிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். இந்த மாதத்தில் இரண்டு தட்டு பறந்தாயிற்று. மூன்றாவது பறந்தால் உத்தனப்பள்ளியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று சொல்லி, பையும் கட்டி வைத்திருந்தாள்.

இன்று ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தவர், கீரைக் குழம்பில் உப்பில்லை என்று தட்டை வீசினார். களி உருண்டை கதவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு நின்றது.

ருக்மணி கத்தவில்லை. பரணில் கிடந்த அவருடைய ஆபீஸ் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னாத்துக்கு எறிஞ்சீங்க?"

"உப்பு இல்ல."

"கேட்டா போட மாட்டனா? என்னாத்துக்கு எறியணும்?"

"காலைல இருந்தே கடுப்பு."

"என்னாத்துக்கு?"

"மீட்டிங்கு."

"தெனமும்தான் மீட்டிங்கு. இன்னிக்கு என்னாத்துக்கு?"

"பிரதாப் என்னை வெங்கடப்பன்னு பேர் சொல்லிக் கூப்ட்டான். எல்லார் முன்னாடியும்."

"பேர் சொன்னா என்னாத்துக்கு வலிக்குது?"

"அவனுக்கு அளவு பார்க்கக் கத்துக்குடுத்தவன் நானு. நேத்து வரைக்கும் அண்ணான்னான். இப்ப எனக்கு மேல உக்கார வச்சிட்டாங்க" என்றார். குரல் உடைந்தது.

ருக்மணிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இதைச் சொல்லத் தெரியாமல்தானா இத்தனை தட்டு? பையைப் பிரித்துவிடலாம் என்றே நினைத்தாள்.

"கடைசிக் கட்டத்தையும் எழுதிடுங்க" என்று பேனாவைக் கொடுத்தாள். இனி நடக்காமல் தடுக்க என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதும் இடம் அது.

வெங்கடப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் கையெழுத்தில் நிதானமாக எழுதினார்: 'குழம்பில் உப்பு சரிபார்க்கவும். பொறுப்பு: ருக்மணி.'

அவள் படித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, குறுக்கே 'ரிஜெக்ட்' என்று எழுதினாள். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஏய், இப்ப என்னாத்துக்குப் போற?"

"ஒரு தடவ கேட்டாச்சு" என்றாள் ருக்மணி, திரும்பாமலே. "மிச்சம் நாலு தடவ நீங்களே கேட்டுக்கங்க."