எசென்குல் என்று யார் சொல்வது

"விளக்கு வேலையை எனக்குக் குடுங்க, எஜே."

ஆசிரியர் அறையில் தேநீர் உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது. கேட்டவள் புருலாய். பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியையாகவும் ஊருக்கு மருமகளாகவும் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள்: "கூட்டத்துல வாயத் திறந்து எதையும் கேக்காதே. குடுக்கிறத வாங்கிக்கோ. அங்க இருக்கிறதெல்லாம் நம்ம சனம்."

நம்ம சனம்தான், அதில் பொய்யில்லை. பள்ளியில் பதினோரு ஆசிரியைகள். அத்தனை பேரும் வேறு வேறு ஊர்களிலிருந்து இந்த ஒரே குலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் டைரக்டர், இன்னொருவர் விளையாட்டு ஆசிரியர் ஜூமாபெக்.

எல்லோருக்கும் எஜேயான, அதாவது அக்காவான, துணைத் தலைமையாசிரியை சோனுன் கையிலிருந்த பட்டியலை மேஜையில் வைத்தாள். நூரூஸ் புத்தாண்டு நாடகத்துக்குத் திரைக்குப் பின்னால் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல். வருஷா வருஷம் அதே பட்டியல்தான், தேதியை மட்டும் அடித்துத் திருத்துவார்கள். விளக்குக்கு ஜூமாபெக். விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிக்க இளைய மருமகள்கள்.

"விளக்கை ஜூமாபெக் பார்த்துக்குவான்," என்றாள்.

"போன வருஷமும் அவர்தான் பார்த்தார். ஹீட்டரையும் விளக்கையும் ஒரே லைன்ல மாட்டி ஃபியூஸைப் பிடுங்கிட்டார். அரைமணி நேரம் இருட்டு. என் வகுப்புப் பிள்ளைங்க மேடையில நின்னு அழுதுச்சுங்க. நான் சமையக்கட்டுல எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எனக்கும் கரண்டுக்கும் ஜாதகம் ஒத்துவரல, நான் என்ன பண்ண?" என்றார் ஜூமாபெக். "ஏணியில ஏறணும்மா. மருமக ஏணியில ஏறினா நாடகத்தை யாரு பார்ப்பா?"

"நீங்க பாருங்க, பைகே. உங்களுக்குத்தான் வேற வேலை இருக்காதே." அண்ணன் என்று பொருள்படும் பைகேயில் மரியாதை இருந்தது, குரலில் இல்லை.

"கெலின்!" என்றாள் சோனுன் எஜே. பெயரை விட்டுவிட்டு மருமகளே என்று கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். "சரி, உனக்கும் மேடைப் பக்கமே ஒரு வேலை தர்றேன். வசனம் எடுத்துக் குடு. திரை ஓரத்துல உக்காந்துக்கிட்டு, பிள்ளைங்க மறந்தா மெதுவா சொல்லணும். போர்சோக் கிடையாது. போதுமா?"

போதவில்லை. குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். நாரின் நகரத்துக் கல்லூரி விடுதியில் குளிரில் விரல் விறைக்க விறைக்க மின்சுற்று வரைந்தவளைத் திரை ஓரத்தில் ஒளிந்து உட்காரச் சொல்கிறார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பக்கத்திலாவது இருக்கலாம்.

நாடகம் ஆற்றுத் தண்ணீரை மறித்துவைத்த ஒரு பழைய காலத்துத் தலைவரைப் பற்றியது. அவர் பெயர் எசென்குல். ஊரில் உயிரோடிருக்கும் மூத்த பெரியவரின் பெயரும் எசென்குல்தான். நாடகத்தில் தன் பெயர் வருகிறது என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. மேடைக்கு விரிக்க வீட்டிலிருந்து கம்பளமே தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் புருலாயின் மாமனார். மற்றப் பத்துப் பேருக்கும் ஏதோ ஒரு வழியில் புருஷன் வீட்டு மூத்தவர். கட்டிக்கொண்டு வந்தவள் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. ஆகவே கூட்டங்களில் எல்லோரும் "தலைவர்" என்றே பேசினார்கள். தலைவர் வேஷம் யாருக்கு, தலைவருக்குத் தாடி எங்கே என்று. பெயரைத் தாண்டிப் போய்ப் போய் நாக்குக்குப் பழகிவிட்டதால், பட்டியல் போடும்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒத்திகை. தூது சொல்ல வரும் பெண்ணாக நடிக்கும் ஏழாம் வகுப்பு பெகிமாய் மேடைக்கு ஓடிவந்தாள், நின்றாள், விழித்தாள். முதல் சொல்லே மறந்துவிட்டது. திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புருலாய் தாளைப் பார்த்தாள். அந்த முதல் சொல்தான் பெயர். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் விளக்கு வேலை கேட்ட நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு அவளைக் கேட்காமலே, வீட்டில் பழகிய வழியில் புரண்டது.

"எங்க மாமா பேர்க்காரரே, தண்ணியைத் திறந்துவிடுங்க."

பெகிமாய் சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளை. கொடுத்ததைக் கொடுத்தபடி கணீரென்று சொன்னாள்: "எங்க மாமா பேர்க்காரரே, தண்ணியைத் திறந்துவிடுங்க!"

"எந்த மாமா?" என்றது பஞ்சுத்தாடி ஒட்டியிருந்த தலைவர் வேஷம்.

அரங்கம் சிரித்தது.

"என்ன கூத்து இது?" சோனுன் எஜே பாய்ந்து வந்தாள். "பேரைச் சொல்லிக் குடு!"

புருலாய் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் எரிந்தது. கோபம் எஜேமேல் பாதி, தன் நாக்கின்மேல் பாதி. தாளை நீட்டினாள்.

"நீங்க சொல்லிக் குடுங்க, எஜே."

எஜே தாளை வாங்கினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். "தலைவரே..." என்று தொடங்கினாள்.

"தாள்ல அப்படி இல்லையே."

தாள் பாட்டு டீச்சர் கைக்குப் போனது. அவள் நெருப்பைத் தொட்டவள்போல அடுத்தவளிடம் தள்ளினாள், அடுத்தவள் அதற்கடுத்தவளிடம். நாலாவது கையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், சோனுன் எஜேயே நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது வருஷம்டி! கனவுலகூட அந்தப் பேரைச் சொன்னதில்ல!"

"பேரை மாத்திரலாமா?" என்றாள் பாட்டு டீச்சர்.

"மாத்து. கம்பளத்தோட வர்றவருக்கு நீயே பதில் சொல்லு."

பதினோரு பேரும் மெல்ல மேலே பார்த்தார்கள். ஏணி உச்சியில் ஜூமாபெக் ஒரு வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன? ஏன் எல்லாரும் என்னைப் பாக்குறீங்க?"

"இறங்குங்க, பைகே," என்றாள் புருலாய். "அந்தப் பேரு சிக்காத தொண்டை இங்க உங்களுது ஒண்ணுதான்."

ஜூமாபெக் இறங்கினார். தாளை வாங்கிக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, மைதானத்தில் கூப்பிடும் குரலில் கத்தினார்: "எசென்குல்!"

"ஓவ்! யாரது?" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. தோளில் சுருட்டிய கம்பளத்தோடு புருலாயின் மாமனார் நின்றிருந்தார்.

பழக்கதோஷத்தில் பதினோரு தலைகளும் குனிந்தன. குனிந்த தலைகளுக்குக் கீழே தோள்கள் குலுங்கின. புருலாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் நடந்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே கூப்பிட்டே, இன்னொரு தடவை கூப்பிடு," என்றார் பெரியவர்.

ஜூமாபெக் சட்டைப்பையிலிருந்த கரண்டு பார்க்கும் டெஸ்டரை உருவிப் புருலாயிடம் நீட்டினார். "பிடிம்மா. உண்மையைச் சொல்லட்டுமா? போன வருஷத்துலேர்ந்து அந்த போர்டுகிட்டப் போகவே எனக்குப் பயம்."

"இரு, இரு," என்றாள் சோனுன் எஜே கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டைரக்டர் வரட்டும். கேட்டுட்டு நிதானமா பட்டியலை மாத்திக்கலாம். வீட்டுலயும் ஒரு வார்த்தை..."

புருலாய் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே, கெலின்?"

"ஃபியூஸ் வாங்க. ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கணும். கடைக்காரன் அஞ்சு மணிக்கெல்லாம் பூட்டிருவான்."

கம்பளத்தோடு நின்ற மாமனாருக்கு வழிவிட்டு ஒதுங்கி, வணக்கம் சொல்லி, பனி உருகிச் சேறாகிக் கிடந்த முற்றத்தில் இறங்கி நடந்தாள்.