பாண்டியம்மாள் எந்த வீட்டுக்காரி

அத்தையின் கருமாதி முடிந்து பந்தல்காரன் தகரத்தைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தமிழ்வாணியின் தலைமுடிக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை மொத பஸ்ஸுக்கு அழகர்கோவில் போறோம். முடியை இறக்கிட்டு மத்தியானம் வந்துரலாம். திங்கக்கிழமை நீ வேலையில சேந்துக்க. யாரு வேண்டாம்னா?" என்றார் சித்தப்பா சோணைமுத்து.

"மொத நாளே மொட்டைத் தலையோட கவுண்டர்ல உக்காரச் சொல்றீகளா?"

"துண்டைக் கட்டிக்க தாயி."

தமிழ்வாணி அப்பாவைப் பார்த்தாள். முத்திருளன் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் முதன்முதலாக டிகிரி முடித்தவள், முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகப் போகிறவள். அவளுக்காக வாயைத் திறக்க ஒரு ஆளில்லை.

எல்லாம் அத்தை செய்துவைத்த வேலை. பாண்டியம்மாள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. எண்பத்து நாலு வயதுவரை சாமியிடம் பேசியதில் பாதிகூட மனிதர்களிடம் பேசியிருக்க மாட்டாள். நேர்ந்துகொள்வது அவள், செய்து முடிப்பது அடுத்தவர். அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததற்கு, அப்பாவே சித்திரைத் திருவிழாவில் தோல்பையைத் தூக்கிக்கொண்டு அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சினார். சித்தப்பாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைக்க வேண்டுமென்று சித்தப்பா இனிக் கத்திரிக்காயே தின்ன மாட்டார் என்று அழகருக்கு நேர்ந்துவிட்டாள். லைசென்ஸ் வந்தது. கத்திரிக்காய் திரும்பவில்லை. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அழகர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிடுவாள். தமிழ்வாணி படித்து வேலைக்குப் போனால் அவள் முடியை இறக்குவதாகப் போட்ட முடிச்சு பத்தாம் வகுப்பிலிருந்து தொங்குகிறது.

அதைப் பற்றி அத்தையோடு அவள் போடாத சண்டையில்லை.

"கண்ணு முழிச்சுப் படிக்கிறது நானு. பேரு மட்டும் அழகருக்கா?"

"படிச்சது நீதேன் கழுத. கரண்டு போகாமப் பாத்துக்கிட்டது யாரு?"

"அதுக்கு என் முடியைக் கேக்குறாராக்கும்?"

"அதை நானும் அழகரும் பேசிக்கிறோம். நீ போயிச் சோத்தைத் தின்னு."

பேசி முடிப்பதற்குள் செத்துப்போனாள். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சட்டென்று தமிழ்வாணிக்கு ஒரு வழி தெரிந்தது. "சித்தப்பா, சாவு விழுந்த வீட்டுக்காரங்க ஒரு வருசத்துக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாதுன்னு ஊரு பூராம் சொல்லுவீகளே. நம்ம மட்டும் எப்படிப் போறது?"

"அது பங்காளி செத்தாத்தேன். அக்கா கட்டிக்குடுத்த பொம்பளை, வேற வீட்டுக்காரி. நமக்கு மூணு நாள் தீட்டு. அது எப்பவோ கழிஞ்சு போச்சு."

இவ்வளவு சுலபமாக அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா மகன் அருண்பாண்டிக்கு வைகாசியில் கல்யாணம். அத்தை இந்த வீட்டுக்காரியென்றால் ஒரு வருடம் இந்த வீட்டில் மேளம் கொட்ட முடியாது.

தமிழ்வாணிக்கு உச்சந்தலை சூடேறியது. தன் முடி அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டது.

"வேற வீட்டுக்காரியா? எந்த வீடு, சொல்லுங்க. மூணு வருசம் வாழ்ந்து தாலியறுத்துட்டு வந்தாகளே, அந்த வீடா? எழவுக்கு ஒரு ஆளாவது வந்துச்சா அங்கயிருந்து? உங்க ஆத்தா செத்தப்ப நீங்க தவழ்ற பிள்ளை. அலங்காநல்லூர்ல அடுத்தவன் வயல்ல நாத்து நட்டு உங்க ரெண்டு பேரையும் வளத்தது யாரு? இந்த ஆனையூர்ல சித்தாளாப் போயிச் சாந்துச்சட்டி சுமந்தது யாரு? நீங்க உக்காந்திருக்கீகளே, இந்த வீட்டுச் செவத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு?"

"ஏ புள்ள, குரலை இறக்கு. முறையின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கொள்ளி வச்சது நீங்கதான? தலையத் தடவிப் பாருங்க சித்தப்பா. வேற வீட்டுக்காரிக்கா மொட்டை போட்டீக?"

சித்தப்பாவின் கை தானாகத் தலைக்குப் போய், பாதியில் இறங்கியது. "வைக்க ஆளில்லைன்னு வச்சேன்."

"சரி. நீங்களே ஒண்ணு சொல்லுங்க. அத்தை நம்ம வீட்டுக்காரின்னா ஒரு வருசத்துக்குக் கோயில் ஆகாது. வேற வீட்டுக்காரின்னா, வேற வீட்டுக்காரி நேந்துக்கிட்டதுக்கு என் தலையை நான் எதுக்குக் குடுக்கணும்? ரெண்டுல எது?"

மாடிப்படியில் போனோடு உட்கார்ந்திருந்த அருண்பாண்டி எழுந்தே விட்டான். "ஏ வாணி, உன் முடியக் காப்பாத்த என் கல்யாணத்துக்கு மொட்டையடிக்கிறியா?"

"உங்கப்பாவைக் கேளுண்ணே. நானா அத்தையை வெளிய தள்ளுனேன்?"

பந்தல்காரன் ஏணியில் நின்றபடி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எந்த வீட்டுக்காரி என்று தெரியாமல் அவனும் தகரத்தைக் கழற்றுவதாக இல்லை.

முத்திருளன் தொண்டையைச் செருமினார். "நம்ம வீட்டுக்காரிதேன்."

"அண்ணே, அப்ப அருணு கல்யாணம்?"

"அடுத்த வைகாசி வராமயா போகும்? பொண்ணு வீட்டுக்கு நான் போயிச் சொல்றேன். ஒரு வருசம்டா. நம்ம ரெண்டு பேருக்காக அவ எத்தனை வருசம் ஒத்தையில நின்னா?"

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று தமிழ்வாணி பல்லைக் கடித்தாள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவளப் போயி நான் வெளிய தள்ளுவேனா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அந்தச் செவத்துக்கு நானுந்தேன் தண்ணி ஊத்துனேன்."

அடுத்த வாரம் அழகர் ஆற்றில் இறங்குகிறார். நினைவு தெரிந்த நாளாக அந்த விடிகாலையில் அத்தை செம்பு நிறையச் சர்க்கரையும் அதன்மேல் சூடமுமாக வைகைக் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போவாள். இந்த வருடம் இந்த வீட்டிலிருந்து யாரும் போகப் போவதில்லை. அதைக் கேட்டு வாங்கியது தானேதான் என்பது தமிழ்வாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் உள்ளே போய் ஆணியிலிருந்து தன் முடிச்சை எடுத்தாள். திங்கட்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த பையின் உள்ஜிப்பில் போட்டு மூடினாள்.

சித்தப்பா வாசற்படியில் நின்றார். "வருசம் திரும்புனதும் முடி இறக்கணும். சொல்லிப்புட்டேன்."

"அதை நானும் அழகரும் பேசிக்கிறோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. சித்தப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, அழகரிடம் சொல்ல வேண்டியதை இனி இவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டவர்போல, குரலைத் தாழ்த்தினார்.

"அப்பிடியே என் கத்திரிக்காயையும் என்னன்னு கேளு தாயி."